மெயில் லொக்கில் தேட எது நல்லது: கிரெப்பா, ஸ்கிரிப்டா, பெரிய கருவியா?

மே மாதம் பிறந்தால் திருகோணமலைக் கரையில் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை கூடிவிடும். அங்கே மெயில் சேர்வர் பார்க்கிறவர்களுக்கும் அப்போதுதான் இந்தக் கேள்வி வரத் தொடங்கும்: "தம்பி, ஜேர்மனியில இருந்து புக் பண்ணினவருக்கு நாங்கள் அனுப்பின மெயில் கிடைக்கேல்லையாம். போனதோ இல்லையோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

கேட்கிறவருக்கு வேண்டியது ஒரு வரிப் பதில். போய்விட்டது, போகவில்லை, இன்னும் வரிசையில் நிற்கிறது, எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டது: இந்த நான்கில் ஒன்று. பதில் லொக்கில், அதாவது மெயில் சேர்வர் தான் செய்ததையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும் பதிவுக் கோப்பில், இருக்கிறது. அதை எதைக்கொண்டு எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. கோப்பில் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளையைக் கையால் போடுகிறவர்கள் உண்டு, அதற்கென்று சின்ன ஸ்கிரிப்ட் (குறும் புரோகிராம்) எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு, பெரிய லொக் சேகரிப்பு அமைப்பை நிறுவ வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு.

திருகோணமலையில் சொந்தமாக மெயில் சேர்வர் வைத்திருக்கும் இடங்கள் குறைவு. கூகுள் வேர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசொஃப்ட் 365 பாவிப்பவர்களுக்கு நிர்வாகப் பக்கத்திலேயே மெயில் தேடும் வசதி இருக்கிறது. சிபனல் உள்ள ஹோஸ்டிங் எடுத்தவர்கள் 'ட்ராக் டெலிவரி' என்ற பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை வெளிநாட்டில் ஒரு விபிஎஸ் (இணையவழி மெய்நிகர் சேர்வர்) வாடகைக்கு எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருளைப் போட்டு, விடுதிக்கோ சங்கத்துக்கோ தனியார் கல்வி நிலையத்துக்கோ மெயில் நடத்துகிறவர்களுக்கு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றிரண்டு சேர்வர் மட்டும் பார்க்கிறவருக்கு, கியூ ஐடியை (ஒவ்வொரு மெயிலுக்கும் சேர்வர் கொடுக்கும் அடையாளத்தை) வைத்து வரிகளைச் சேர்த்துத் தரும் ஒரு சின்னப் பைதான் ஸ்கிரிப்ட்தான் சரியான தெரிவு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் லொக் எப்படி எழுதப்படுகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மெயில், பல வரிகள்

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே புரோகிராம் இல்லை. வீட்ஸே வெனிமா அதை எழுதும்போதே, பாதுகாப்புக்காக வேலையைப் பல சின்னப் புரோகிராம்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மெயிலை வாங்குவது எஸ்எம்டிபிடி. தலைப்பைச் சீர்செய்து வரிசையில் போடுவது கிளீனப். வரிசையைப் பார்த்துக்கொள்வது கியூஎம்ஜிஆர். அடுத்த சேர்வருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எஸ்எம்டிபி. ஒவ்வொன்றும் தன் பங்கைத் தனி வரியாக எழுதும். எந்த ஐபியில் இருந்து எந்தப் பயனர் பெயரில் மெயில் வந்தது என்பது எஸ்எம்டிபிடி வரியில் இருக்கும். மெயிலின் தலைப்பிலேயே இருக்கும் அடையாளமான மெசேஜ் ஐடி கிளீனப் வரியில். அனுப்பியவர் முகவரியும் மெயிலின் அளவும் கியூஎம்ஜிஆர் வரியில். பெறுநர் முகவரியும் முடிவும் கடைசியாக எஸ்எம்டிபி வரியில்.

இப்படி வரிசைக்குள் போன மெயிலில் அனுப்பியவரும் பெறுநரும் ஒரே வரியில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வரிகளை இணைப்பது கியூ ஐடி என்ற சின்ன எழுத்துத் தொடர் மட்டும்தான். இடையில் வேறு மெயில்களின் வரிகளும் கலந்து கிடக்கும். எதிர்ப்பக்கம் முதல் முறை 'பிறகு வா' என்று திருப்பி அனுப்பினால், அதே மெயிலின் அடுத்த வரிகள் பிறகு ஒவ்வொன்றாக, சிலவேளை மறுநாளும், வரும். வழக்கமான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

எனவே எந்தக் கருவியை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சிதறிக் கிடக்கும் இந்த வரிகளை இது சேர்த்துத் தருமா, அல்லது நான் உட்கார்ந்து சேர்க்க வேண்டுமா?

கிரெப்

கிரெப் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, மிக வேகமானது, படிக்க வேண்டியது கொஞ்சம். விருந்தினரின் முகவரியைக் கொடுத்துத் தேடினால் முடிவு வரி உடனே கிடைத்துவிடும். 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்று இருந்தால் விடுதிக்காரருக்கு அப்போதே பதில் சொல்லிவிடலாம். பத்தில் பல கேள்விகள் இந்த ஒரே தேடலில் முடிந்துவிடும் என்பதால் கிரெப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அதில் சில குழிகள் உண்டு. முதலாவது புள்ளி. கிரெப்புக்குப் புள்ளி என்றால் 'எந்த எழுத்தும்' என்று அர்த்தம். ஐபி முகவரியை அப்படியே கொடுத்தால் வேறு ஐபிகளும் சேர்ந்து வரும். கட்டளையோடு பெரிய எஃப் சுவிட்சை (-F) போட்டுவிட்டால் கொடுத்ததை அப்படியே தேடும். மெயில் முகவரியில் சிலர் பெரிய எழுத்தும் கலந்து எழுதுவார்கள் என்பதால் சின்ன ஐ சுவிட்சும் (-i) கூடவே வேண்டும்.

இரண்டாவது திகதி. சிஸ்லொக் எனப்படும் பழைய லொக் வடிவத்தில் மாதத்தின் 1 முதல் 9 வரையான நாட்களுக்கு முன்னால் இரண்டு இடைவெளி விழும். ஒரே இடைவெளி போட்டு 'ஜூன் 5' என்று தேடினால் ஒன்றும் வராது, பார்க்கிறவர் மெயிலே இல்லை என்று நினைத்துவிடுவார். அந்த வடிவத்தில் ஆண்டும் கிடையாது.

மூன்றாவது நேரம். வெளிநாட்டு விபிஎஸ் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். திருகோணமலையில் காலை 9 மணிக்கு அனுப்பிய மெயில் லொக்கில் 3:30 என்று இருக்கும். விடியப்புறம் 4 மணிக்கு அனுப்பியது முதல் நாள் திகதியில் 22:30 ஆகக் கிடக்கும். 'நேற்றுத்தானே அனுப்பினோம்' என்று அவர்கள் சொல்வதும் உண்மை, லொக்கில் முந்தாநாள் திகதி இருப்பதும் உண்மை.

நான்காவது பழைய கோப்புகள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில், லொக்கை எழுதும் ஆர்சிஸ்லொக்குடன் வரும் அமைப்பில் மெயில் லொக் வாரத்துக்கு ஒருமுறை சுழலும், நான்கு வாரத்துக்குப் பழையவை இருக்கும். கடந்த வாரத்துக் கோப்பு சுருக்கப்படாமல் இருக்கும், அதற்கு முந்தியவை ஜிஸிப்பில் சுருக்கப்பட்டு இருக்கும். கிரெப்பின் தம்பியான ஸெட்கிரெப் இரண்டையும் படிக்கும். ஆனால் கோப்புப் பெயர்களுக்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தால் புதியது முதலிலும் பழையது பின்னாலும் வரும். ஞாயிறு அனுப்பித் திங்கள் போய்ச் சேர்ந்த மெயிலின் கதை தலைகீழாக வந்து நிற்கும்.

வரிகளைச் சேர்ப்பதையும் கிரெப்பால் செய்யலாம். முதலில் முகவரியைத் தேடு, வந்த வரிகளில் இருந்து கியூ ஐடிகளை மட்டும் பிரித்து ஒரு கோப்பில் எழுது, அப்புறம் அந்தக் கோப்பைச் சின்ன எஃப் சுவிட்சுடன் (-f) கொடுத்து மறுபடி தேடு. இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூதூருக்குப் போகும் பஸ்ஸில் இருக்கும்போது தொலைபேசி வந்தால், கைபேசித் திரையில் இதையெல்லாம் தட்டுவது பெரும்பாடு. அந்த மூன்று படிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தாலே அது ஸ்கிரிப்ட் ஆகிவிடுகிறது.

ஆக்

1977இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஆக் (awk) என்ற எழுத்துக் கருவி, கிரெப்புக்கும் முழு ஸ்கிரிப்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே கோப்பை இரண்டு முறை கொடுத்து, முதல் சுற்றில் ஐடிகளை மனதில் வைத்து, இரண்டாம் சுற்றில் வரிகளை அச்சிடச் சொல்லலாம். ஆக் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் அந்த வரியைப் படித்துத் திருத்த முடியாது. எண்ணிக்கை எடுப்பதற்கு, அதாவது எந்தப் பயனர் நேற்று எத்தனை மெயில் அனுப்பினார் என்பதுபோன்ற கேள்விக்கு, நான் இன்றும் ஆக்தான் எடுப்பேன். தேடலுக்கு எடுப்பதில்லை.

ஸ்கிரிப்ட்

ஸ்கிரிப்டின் அடிப்படை எளிமையானது. லொக்கைப் பழையதில் இருந்து புதியது வரை ஒவ்வொரு வரியாகப் படி. வரியில் கியூ ஐடி இருந்தால் அந்த ஐடியின் பெயரில் வரியைச் சேர்த்து வை. தேடும் முகவரி அந்த வரியில் இருந்தால் அந்த ஐடிக்கு ஒரு குறி போடு. 'ரிமூவ்ட்' (வரிசையில் இருந்து நீக்கப்பட்டது) என்ற வரி வந்தால் அந்த மெயிலின் கதை முடிந்தது. குறி இருந்தால் எல்லா வரிகளையும் அச்சிடு, இல்லாவிட்டால் மறந்துவிடு. கோப்பு முடிந்த பிறகும் குறியுடன் மிஞ்சி நிற்பவை இன்னும் வரிசையில் காத்திருக்கும் மெயில்கள், அவற்றையும் அச்சிடு. இவ்வளவும் பைதானில் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். 'ரிமூவ்ட்' வரியில் மறப்பதால் நினைவகமும் வீங்காது.

எழுதுகிறவர் கவனிக்க வேண்டியவை அந்தப் பக்கத்தில் அடங்காதவை. போஸ்ட்ஃபிக்ஸின் குறுகிய கியூ ஐடி திரும்பத் திரும்பப் பாவிக்கப்படும். இன்று ஒரு மெயிலுக்கு இருந்த ஐடி அடுத்த வாரம் வேறொரு மெயிலுக்கு வரலாம். 'ரிமூவ்ட்' வரியில் நிறுத்தாமல் நாலு வாரக் கோப்பையும் ஐடியை வைத்துத் திரட்டினால், தொடர்பே இல்லாத இரண்டு மெயில்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன மூன்று படிக் கிரெப்பில் இந்தப் பிழை சத்தமில்லாமல் நடக்கும், ஸ்கிரிப்டில் நடக்காது. என் தெரிவுக்கு இது முக்கிய காரணம். 2.9 பதிப்பில் இருந்து நீண்ட கியூ ஐடி என்ற அமைப்பும் இருக்கிறது; அதை இயக்கினால் ஐடி திரும்ப வராது. ஆனால் குறுகிய ஐடி 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான பெரிய எழுத்துகளால் மட்டும் ஆனது, நீண்டதில் சின்ன எழுத்தும் மற்ற எழுத்துகளும் கலந்து வரும். பழைய வடிவத்தை மட்டும் எதிர்பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட் அன்றில் இருந்து எதையும் கண்டுபிடிக்காது. இரண்டையும் ஏற்கும்படி எழுதிவிடுங்கள்.

அடுத்தது, ஐடியே கிடைக்காத மெயில்கள். வாசலிலேயே மறுக்கப்பட்டவற்றுக்கு ஐடி இருக்கவேண்டிய இடத்தில் 'நோகியூ' என்று எழுதப்படும். 'எனக்கு அவர் அனுப்பினாராம், வரவே இல்லை' என்ற கேள்விக்குப் பதில் அநேகமாக இந்த வரிகளில்தான் இருக்கும். ஐடியை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் இவற்றைத் தவறவிடும். எனவே முகவரி உள்ள 'நோகியூ' வரிகளை அப்படியே அச்சிடும் ஒரு கிளையும் வேண்டும்.

வைரஸ், ஸ்பாம் பார்க்க அமவிஸ் போன்ற வடிகட்டி இருந்தால் மெயில் போஸ்ட்ஃபிக்ஸுக்குள் இரண்டு முறை நுழையும், இரண்டு ஐடி பெறும். முதல் ஐடியின் கதை 'சென்ட்' என்று முடியும். அது வடிகட்டியிடம் கொடுத்ததைத்தான் சொல்கிறது, விருந்தினரிடம் சேர்ந்ததை இல்லை. அந்த வரியிலேயே 'கியூட் ஆஸ்' என்று அடுத்த ஐடி இருக்கும், மெசேஜ் ஐடியும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். ஸ்கிரிப்ட் அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போக வேண்டும். இதைக் கையால் செய்வது ஒவ்வொரு முறையும் அலுப்பு, ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்தது.

பைதானா பெர்லா என்றும் கேட்பார்கள். பெர்ல் 1987இல் லாரி வோல் எழுதியது, இந்த மாதிரி எழுத்து வேலைக்கென்றே பிறந்தது, வேகமும் அதிகம். இருந்தும் நான் பைதான் பக்கம். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படித்து வரும் பிள்ளைகள் பைதானைத் திறந்தால் அன்றே திருத்துவார்கள். நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் இதைப் பார்க்கப் போவது அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். சிறிய சேர்வரின் வார லொக்கைப் பைதான் படித்து முடிக்கப் பிடிக்கும் நேரம் யாரையும் உறுத்தாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: லொக்கில் எங்காவது ஒரு கெட்ட பைட் இருந்தால், எழுத்துக் குறியாக்கப் பிழை என்று சொல்லிப் பைதான் பாதியில் நின்றுவிடும். கோப்பைத் திறக்கும்போதே தெரியாத எழுத்தை மாற்றிப் போடச் சொல்லிவிட வேண்டும்.

முழு வரிகளையும் அச்சிடுவதோடு, மேலே ஒரு வரிச் சுருக்கமும் போடச் சொல்லுங்கள்: இலங்கை நேரம், யாருக்கு, முடிவு, எதிர்ச் சேர்வர் சொன்ன காரணம். கைபேசியில் அந்த ஒரு வரிதான் வாசிக்க முடியும். காரணம் கட்டாயம் வேண்டும். 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயில், அனுப்புகிற எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் உண்மையான இடத்தில் இருந்துதான் வந்தது என்று காட்டும் சான்றுகள்) எதிர்பார்க்கிறது. அவை இல்லாத மெயிலை 5.7.26 என்ற எண்ணுடன் திருப்பி அனுப்பும். அந்த எண்ணைப் பார்த்தவுடன் எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். 'பவுன்ஸ்ட்' (திரும்பி வந்தது) என்று மட்டும் சொல்லும் ஸ்கிரிப்ட் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

லொக் எதுவரை பேசும் என்பதையும் கேட்கிறவரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். 'சென்ட்' என்றால் எதிர்ச் சேர்வர் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பதிவுத் தபாலை வாசலில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது போல. வீட்டுக்குள் அது மேசைக்குப் போனதா குப்பைக்கூடைக்குப் போனதா என்பது நமக்குத் தெரியாது. நான் ஸ்கிரிப்டின் சுருக்க வரியில் 'சென்ட்' என்பதை 'அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டது, ஸ்பாமில் பார்க்கச் சொல்லவும்' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆயத்தமாக இருப்பவை

போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதிலாக எக்சிம் என்ற மெயில் சேர்வர் வைத்திருப்பவர்கள் ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. அதோடு வரும் எக்சிகிரெப், ஒரு வரி பொருந்தினால் அந்த மெயிலின் எல்லா வரிகளையும் சேர்த்துத் தரும். நான் மேலே விவரித்த வேலை முழுவதும் அதில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் மூலப் பொதியிலும் கொலேட் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதுவும் ஐடி வாரியாக வரிகளைத் திரட்டும். சொந்தமாக எழுத நேரமில்லாதவர் அதன் வெளியீட்டை முகவரி வைத்துச் சலித்தெடுக்கலாம். சங்கிலியைப் பிடிப்பதும் சுருக்க வரியும் அதில் இல்லை.

பிஎஃப்லொக்சம் தேடும் கருவி இல்லை. அது நாளின் கணக்கைத் தரும்: எத்தனை போனது, எத்தனை தள்ளிப்போடப்பட்டது, யார் மறுத்தார்கள். காலையில் அந்தக் கணக்கு மெயிலில் வந்து சேரும்படி வைத்தால், விடுதிக்காரர் கேட்பதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும். ஸ்கிரிப்டோடு இதையும் சேர்த்தே வைத்திருக்கச் சொல்வேன்.

டெபியன் 12 புதிதாகப் போட்டவர்களுக்கு மெயில்.லொக் என்ற கோப்பே இருக்காது. அந்தப் பதிப்பில் ஆர்சிஸ்லொக் தானாக நிறுவப்படுவதில்லை, எல்லாம் லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜேர்னல் என்ற பொதுப் பதிவுக்குள் போகிறது. ஜேர்னல்சிடிஎல் கொமாண்டில் 'நேற்றில் இருந்து' என்று நேரம் கொடுத்துத் தேட முடிவது உண்மையில் வசதி. ஆனால் ஐடி வாரியாக அது சேர்த்துத் தராது. அதோடு ஜேர்னல் வாரக் கணக்கில் இல்லாமல் மொத்த அளவைப் பார்த்துப் பழையதை அழிக்கும். யாரோ சேர்வருக்குள் தொலைவில் இருந்து நுழையும் எஸ்எஸ்எச் வாசலைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குப்பை வரிகள் மெயில் வரிகளையும் வெளியே தள்ளிவிடும். ஆர்சிஸ்லொக்கைத் திரும்பப் போட்டு மெயிலுக்குத் தனிக் கோப்பு வைப்பதே எனக்கு நல்லதாகப் படுகிறது. டெபியன் 12இல் அது ஆண்டும் நேர வலயமும் உள்ள முழுத் திகதியை எழுதும் என்பதால், மேலே சொன்ன திகதிச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

பெரிய அமைப்புகள்

எலாஸ்டிக்சேர்ச்சும் கிபானாவும், கிரேலொக், கிரஃபானாவின் லோகி: இவை எல்லாம் பல சேர்வர்களின் லொக்கை ஓரிடத்தில் சேர்த்து உலாவியில் தேட விடும். படம் வரையும், எச்சரிக்கை அனுப்பும். லினக்ஸ் தெரியாத அலுவலகப் பிள்ளையும் பெட்டியில் முகவரியைத் தட்டித் தேடலாம் என்பது பெரிய லாபம்.

விலை நினைவகத்தில் இருக்கிறது. எலாஸ்டிக்சேர்ச் ஜாவாவில் ஓடுவது, மெயில் சேர்வரைவிட அது கூட வளம் கேட்கும். கிரேலொக் தனக்குக் கீழே ஒரு தேடல் இயந்திரத்தையும் மொங்கோடிபியையும் வைத்துக்கொள்ளும். விபிஎஸ் வாடகையை டொலரில் கட்டுகிற நமக்கு, மெயிலுக்கு ஒன்றும் அதன் லொக்கைத் தேடப் பெரிதாக இன்னொன்றும் எடுப்பது நியாயமாகப் படவில்லை. லோகி இலேசானது. அது லேபல்களை மட்டும் அட்டவணைப்படுத்தி, உள்ளே உள்ள எழுத்தைக் கிரெப் மாதிரித்தான் தேடும்.

இத்தனைக்குப் பிறகும் முகவரியைத் தட்டினால் அந்த முகவரி உள்ள வரிதான் வரும். ஐடியை எடுத்து மறுபடி தேட வேண்டியதுதான். சேர்த்துத் தரவேண்டுமானால் லொக் உள்ளே வரும்போதே அதற்கான விதிகளை எழுத வேண்டும், அந்த வேலை ஸ்கிரிப்டைவிடப் பெரியது. நாலைந்து சேர்வருக்கு மேல் பார்க்கிறவர், அல்லது ஒரு மெயில் உள்வாசல், வடிகட்டி, அஞ்சல்பெட்டி என்று வெவ்வேறு மெஷின்களைக் கடந்து போகும் இடத்தில் வேலை செய்கிறவர், லோகியை எடுத்துப் பார்க்கலாம். அதற்குக் குறைந்தவர்களுக்கு இது தேவையில்லை.

யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம்

லொக்கில் யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பது முழுவதும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கும்போது, உலாவியில் எல்லோருக்கும் திறந்த தேடல் பெட்டி வைப்பதை நான் விரும்பமாட்டேன். ஸ்கிரிப்ட் ஓட்டுகிறவருக்கு ரூட் (முழு அதிகாரக் கணக்கு) கடவுச்சொல்லும் தேவையில்லை. டெபியன், உபுண்டுவில் ஏடிஎம் (adm) என்ற பயனர் குழுவில் அவரைச் சேர்த்தால் மெயில் லொக்கைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஆனால் அந்தக் குழுவுக்கு மற்ற லொக்குகளும் தெரியும் என்பதை நினைவில் வைத்து ஆளைத் தெரிவு செய்யுங்கள்.

நான்கு வாரம் என்ற வழக்கமான கணக்கு நம் கரைக்குப் பொருந்தாது. ஜூலையில் வந்து நிற்கும் விருந்தினர் ஜனவரியில் புக் பண்ணியிருப்பார், 'கடல் பார்த்த அறை என்று அன்றைக்கே எழுதினேன்' என்பார். அந்த மெயில் வந்ததா என்று பார்க்க ஜனவரி லொக் இருக்க வேண்டும். லொக் கோப்புகளைச் சுழற்றும் லொக்ரொட்டேட்டில் 4 என்ற வார எண்ணை மாற்றினால் போதும், சுருக்கிய எழுத்துக் கோப்புகள் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான். காலம் முழுக்க வைத்திருப்பதற்கு நியாயமில்லை. ஒரு பருவத்துப் புக்கிங் தொடங்கி அந்தப் பருவம் முடியும் வரை வேண்டும். விடுதிகளின் சேர்வரில் நான் 40 என்று போட்டிருக்கிறேன், கல்வி நிலையத்துக்கு 12 போதுமாக இருக்கிறது.